எடைமேடை

பத்துக்கு எத்தனை என்று கேட்டாள் டாக்டர் செய்னெப்.
பத்துக்கு எத்தனை வலி.

கராகெச்சே நிலக்கரிச் சாலையில்
பதினேழு வருடமாக லாரி நிறுப்பவள் நான்.
ஏற்றிய வண்டி முப்பத்தெட்டு டன்,
காலி வண்டி பதினாலு,
கழித்துச் சொல் என்றால் தூக்கத்திலும் சொல்வேன்.
இடுப்பில் புறப்பட்டு
தொடைக்குப் பின்னால் இறங்கி
கணுக்காலில் வந்து நின்றுகொண்டு
இன்ஜினை அணைக்காமல் உறுமுகிற இதை
எந்த மேடையில் ஏற்றுவது?

ஏழு என்றேன்.
அப்புறம் கூச்சப்பட்டு, ஆறு.

மாவட்ட ஆஸ்பத்திரியில் உப்பு என்றார்கள்.
முதுகெலும்பில் உப்புப் படிந்திருக்கிறதாம்.
பத்து ஊசி, ஒரு தைலம்,
கனமாக எதையும் தூக்காதே.
நாத்தனார் நாய் ரோமத்தில் இடுப்புப்பட்டை பின்னித் தந்தாள்.
பக்கத்து வீட்டில் வளைக்கரடிக் கொழுப்பு கொடுத்தார்கள்,
அதன் நாற்றத்துக்குப் பூனை வீட்டைவிட்டே போனது.
எல்லாமே கேட்டன,
கேட்கவில்லை என்று சொல்லிவிட முடியாத அளவுக்கு.

பிப்ரவரியில் ஒரு காலை
கட்டிலிலிருந்து அடுப்புவரை நடந்தேன்.
திரும்பிப் பார்த்தால்
இடது செருப்பு பாதி வழியில் கிடக்கிறது.
கழன்றதைக் கால் எனக்குச் சொல்லவேயில்லை.

வலி கத்தும், அது பழகிவிட்டது.
இது கத்தவில்லை.
கணக்கு முடிக்காமல்
வேலையைவிட்டு நின்றுவிட்ட ஆள் மாதிரி
அந்தப் பாதம்.

என் அறைக்கு நாலு இரும்புப் படிகள்.
கால்சட்டைத் துணியைக் கையால் பிடித்து
முழங்காலைத் தூக்கி வைத்து ஏறினேன்.
வரிசையில் நின்ற டிரைவர்கள்
எல்லோரும் பார்த்தார்கள், யாரும் பார்க்கவில்லை.
துருஸ்பெக் மட்டும்
சீட்டை வாங்கிக்கொண்டு நகராமல் நின்றான்.
"ஏறு" என்றான்.
எங்கே என்று நான் கேட்கவில்லை.

கிசார்ட் கணவாய், கோச்கோர், பூம் பள்ளத்தாக்கு.
இருபத்து நாலு டன் கரி எங்களுக்குப் பின்னால்.
ஒவ்வொரு குழிக்கும் அவன் மன்னிப்புக் கேட்டான்,
சாலை அவன் போட்டது மாதிரி.
நான் பதில்களைத் தயார் செய்துகொண்டு வந்தேன்:
ஏன் இவ்வளவு நாள் வரவில்லை என்பார்கள்,
பதிலுக்கு ஆள் இல்லை,
குளிர்காலம்தான் கரிக்காலம்,
தன்னால் சரியாகும் என்றிருந்தேன்.

பிஷ்கெக்கில் அதை யாருமே கேட்கவில்லை.

குதிகாலில் நடங்கள் அக்கா என்றாள் டாக்டர்.
வலது நடந்தது.
இடது ஈரத்துணியாய்த் தொங்கியது.
கண்ணை மூடுங்கள்,
கூராகக் குத்துகிறதா மழுங்கலா, சொல்லுங்கள்.
மூடிக்கொண்டு காத்திருந்தேன்.
காத்திருந்தேன்.
"ஆரம்பிக்கலாமே" என்றேன்.
அவள் ஊசியை மேசைமேல் வைக்கும் சத்தம் கேட்டது.
ஆறு இடத்தில் குத்தி முடித்திருந்தாளாம்.

பிறகு எழுந்து போய்க் கதவைச் சாத்தினாள்.
வெளியே பெஞ்சில் துருஸ்பெக், கரி படிந்த தொப்பியோடு.
குரலைத் தாழ்த்தி
சிறுநீர் போவது தெரிகிறதா என்று கேட்டாள்.

மூன்று நாள்.
மூன்று நாளாக நான் துணி மடித்து வைத்துக்கொள்வது
நாத்தனாருக்குத் தெரியாது,
கணவனுக்குத் தெரியாது,
லாரியில் ஏழு மணி நேரம் ஒட்டி உட்கார்ந்திருந்தவனுக்குத் தெரியாது.
ஐம்பத்தொரு வயதில்
இதை எந்த வாயால் சொல்வது?
கையைப் பார்த்தபடி சொன்னேன்.

அவள் முகம் சுளிக்கவில்லை.
தொலைபேசியை எடுத்தாள்.
"இல்லை, நாளைக்கு இல்லை" என்றாள் அதில்,
"இன்றிரவு."
நரம்புக்கற்றை நசுங்கியிருக்கலாம்,
படம் எடுத்துப் பார்த்து உடனே திறக்க வேண்டும்.
நடப்பேனா என்றேன்.
சில நரம்புகள் திரும்பி வரும், சில வராது,
எது என்று இப்போது யாராலும் சொல்ல முடியாது என்றாள்.
அந்தப் பதிலை நம்பினேன்.
உப்பை நம்பியதைவிட அதிகமாக.

மயக்க மருந்துக்கு எடை வேண்டும் என்று
ஒரு செவிலி, சின்னப் பெண்,
சக்கரத் தராசைத் தள்ளிக்கொண்டு வந்தாள்.
இரண்டு பேர் தாங்கி ஏற்றினார்கள்.
"காலியா, லோடா?" என்று வாயில் வந்துவிட்டது.
அவளுக்குப் புரியவில்லை.
அறுபத்தொன்று என்று எழுதினாள், சீட்டுத் தரவில்லை.

தள்ளுவண்டியில் படுக்கவைத்து
நீண்ட தாழ்வாரத்தில் கொண்டுபோனார்கள்.
ஜன்னல்கள் எல்லாம் திறந்திருந்தன.
இடது பாதத்தின்மேல் போர்வை இருக்கிறதா என்று
இரண்டு தரம்
தலையைத் தூக்கிப் பார்த்துக்கொண்டேன்.